கையெழுத்து போட்டால் கடல் தப்புமா?

நெய்தல் | சனி, இரவு 9:40

கரைக்கு அருகே எண்ணெய் தேட அனுமதி தரக் கூடாது என்று ஒரு மனு வாட்ஸ்அப்பில் வந்தது. பெயர், மின்னஞ்சல் எல்லாம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நொடியே "நன்றி, இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று பதில். அங்கேதான் சுருக்கென்றது. இந்த மனு யாரிடம் போகிறது, எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று மனுவில் ஒரு வரி இல்லை. எண்ணெயில் நனைந்த பறவையின் படம் மட்டும் இருந்தது.

பொதுமக்கள் குரல் கொடுத்து ஒரு கடல் நிஜமாகவே எண்ணெயிலிருந்து தப்பிய கதை ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "விழிப்புணர்வு பெருகியது" என்று முடியும் கதைகள் வேண்டாம்.

எதிர்க்காற்று | சனி, இரவு 9:52

இல்லை. அடுத்த கேள்வி?

சரி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கடலில் கலக்கும் எண்ணெயில் ஏறக்குறைய பாதி கடலடியிலிருந்து இயற்கையாக ஊறி வருவது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2003-இல் வெளியிட்ட கணக்கு இது. அதே கணக்கில், எண்ணெய் எடுக்கும் வேலையால் கலப்பது வெறும் 3 சதவீதம். நீங்கள் கையெழுத்துப் போட்டது அந்த 3 சதவீதத்துக்கு எதிராக. அப்புறம் வண்டிக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள், நானும் போவேன்.

சிப்பி | சனி, இரவு 10:20

@எதிர்க்காற்று, எண் சரி, படித்த விதம் தவறு. அது 1990களின் உலகச் சராசரி. கடலடி ஊற்று ஆயிரக்கணக்கான வருடமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிவது. அதைத் தின்று பழகிய நுண்ணுயிர்கள் அங்கேயே இருக்கின்றன. எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் 1989 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் அலாஸ்காவில் ஒரு விரிகுடாவுக்குள் 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அதுவும் ஹெர்ரிங் மீன் முட்டையிடும் பருவத்துக்குச் சற்று முன். 1993-இல் அங்கே ஹெர்ரிங் கூட்டமே சரிந்தது. எண்ணெய் மட்டும்தான் காரணமா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் மீன் திரும்பவில்லை. உலகச் சராசரியில் வெறும் புள்ளியாகத் தெரிவது அந்த விரிகுடாவில் வலை வீசியவனுக்குப் பிழைப்பே போனது.

அதே அறிக்கையில் நீங்கள் தாண்டிப் போன எண் ஒன்று இருக்கிறதே: எண்ணெயைப் பயன்படுத்துவதால் கலப்பது 37 சதவீதம். சாலையிலிருந்து மழைநீரோடு கழுவிப் போவது, படகு எஞ்சின்கள், சாக்கடையில் ஊற்றும் பழைய ஆயில் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு எதிராக மனு எழுத பறவைப் படம் தேவையில்லை, வடிகால் வரைபடம் போதும். யாரும் எழுதுவதில்லை, அது வேறு கதை.

கோப்புக்கட்டு | சனி, இரவு 11:05

நெய்தல் கேட்ட கதை இருக்கிறது. இரண்டு சொல்கிறேன். இரண்டுமே ஒரு தோல்வியில் தொடங்குபவை.

முதலாவது பெலீஸ். கரீபியன் கடலோரச் சின்ன நாடு, உலகின் இரண்டாவது பெரிய பவளத் தடுப்புத் திட்டு அங்கேதான். மக்களுக்குத் தெரியாமலே கடலில் பெரும்பகுதியை எண்ணெய் நிறுவனங்களுக்குக் குத்தகைக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பொது வாக்கெடுப்பு கேட்டு 20,000-க்கும் மேற்பட்ட கையெழுத்து திரட்டினார்கள். வாக்காளர் பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று ஏறக்குறைய 8,000 கையெழுத்தைத் தேர்தல் துறை தள்ளிவிட்டது. மனு செத்தது.

அத்தோடு விடவில்லை. 2012-இல் தாங்களே வாக்குப்பெட்டி வைத்து நாடு முழுக்க மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 29,000 பேர் வந்தார்கள், 96 சதவீதம் 'வேண்டாம்'. சட்டப்படி அதற்கு மதிப்பில்லை. ஆனால் 2013-இல் அந்தக் குத்தகைகள் முறைப்படி கொடுக்கப்படவில்லை என்று நீதிமன்றம் ரத்து செய்தது. 2016-இல் கடலடியில் எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வு தொடங்கியபோது கூச்சல் எழுந்து அது நின்றது. 2017 டிசம்பரில் கடல் முழுவதும் எண்ணெய் வேலைக்குத் தடைச் சட்டம் வந்தது. 2018-இல் யுனெஸ்கோ அந்தப் பவளத் திட்டை 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலிலிருந்து எடுத்தது.

இரண்டாவது தென்னாப்பிரிக்காவின் வைல்ட் கோஸ்ட். 2021 டிசம்பரில் ஷெல் நிறுவனத்தின் நில அதிர்வு ஆய்வுக் கப்பல் வந்துவிட்டது. இது தெரியாதவர்களுக்கு: காற்றுத் துப்பாக்கியால் கடலுக்குள் சில வினாடிக்கு ஒருமுறை வெடிபோல ஒலி எழுப்பி, அடியிலிருந்து வரும் எதிரொலியை வைத்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது. திமிங்கிலங்களுக்குத் தீங்கு என்று ஒரு தரப்பு அவசர வழக்குப் போட்டது. மாத ஆரம்பத்திலேயே தள்ளுபடி. சில வாரத்தில் கரையோரச் சமூகங்கள் வேறொரு வாதத்தோடு போனார்கள்: எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அறிவிப்பு ஆங்கிலத்திலும் ஆப்பிரிகான்ஸிலும் நாளிதழில் வந்ததே தவிர, அங்குள்ளவர்கள் பேசும் ஷோஸா மொழியில் வரவில்லை. பாரம்பரியத் தலைவர்களிடம் பேசினார்களாம், மீன்பிடிப்பவர்களிடம் பேசவில்லை. டிசம்பர் 28 அன்று தடை உத்தரவு. 2022 செப்டம்பரில் ஆய்வு உரிமையே சட்டவிரோதம் என்று தீர்ப்பு.

திமிங்கிலத்தைச் சொல்லிக் கேட்டபோது கிடைக்காதது, நாளிதழ் விளம்பரத்தின் மொழியைச் சொல்லிக் கேட்டபோது கிடைத்தது. இதை நான் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் ருசிப்பதில்லை.

எதிர்க்காற்று | சனி, இரவு 11:18

முழுக்கதையையும் சொல்லுங்கள் ஐயா. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன செய்தது?

கோப்புக்கட்டு | சனி, இரவு 11:31

சொல்கிறேன். உரிமை கொடுத்த விதம் சட்டவிரோதம்தான் என்று அதுவும் ஒப்புக்கொண்டது. ஆனால் ரத்து உத்தரவை நிறுத்திவைத்து, புதுப்பிக்கும் விண்ணப்பத்தின்போது முறையாக மக்களைக் கலந்து பேசலாம் என்று வழிவிட்டது. எனவே முழு வெற்றி இல்லை. இந்தத் துறையில் முழு வெற்றி என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. கப்பல் அன்று திரும்பிப் போனது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

உப்புமூட்டை | ஞாயிறு, காலை 7:02

மனு, கோர்ட் எல்லாம் இருக்கட்டும். எண்ணெய் கரைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? மொரிஷியஸில் 2020-இல் வகாஷியோ கப்பல் தரை தட்டிக் கசிந்தபோது மக்களே கரும்புச் சோகையைத் துணியில் திணித்து மிதவைத் தடுப்பு தைத்தார்களே. தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் உண்மையான மக்கள் செயலாகப் படுகிறது.

சிப்பி | ஞாயிறு, காலை 7:40

அந்தப் படங்களைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. ஆனால் தேதிகளையும் பாருங்கள். கப்பல் தட்டியது ஜூலை 25. எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்ட் 6. நடுவில் பன்னிரண்டு நாள்! மக்கள் மிதவை தைக்க வேண்டியதா, அந்தப் பன்னிரண்டு நாளில் எண்ணெயை ஏன் இறக்கவில்லை என்று யாராவது தினமும் கேட்டிருக்க வேண்டியதா? ஆகஸ்ட் 29 அன்று தலைநகர் போர்ட் லூயியில் மாபெரும் கூட்டம் திரண்டு கேட்டது கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைத்தான். அதற்குள் ஏறக்குறைய ஆயிரம் டன் கடலுக்குள் போய்விட்டது.

இன்னொன்று. வெறுங்கையால் எண்ணெய் அள்ளப் போகாதீர்கள். புதிதாகக் கொட்டிய எண்ணெயிலிருந்து பென்சீன் போன்றவை ஆவியாகி மூச்சுக்குள் போகும். எண்ணூர் கடலில் 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியால் அள்ளிய இளைஞர்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது வீரம்தான், மறுக்கவில்லை. அப்படி ஒரு நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார் என்பதுதான் கேள்வி.

கோப்புக்கட்டு | ஞாயிறு, காலை 7:55

ஒரு ஒற்றுமை. அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் கடல் எண்ணெய்க் கிணறு வெடித்ததும் ஜனவரி 28 தான், 1969-இல். கிணற்றுக்கு விதிப்படி இறக்க வேண்டிய காப்புக் குழாயின் நீளத்தைக் குறைத்துக்கொள்ள அரசே விலக்கு கொடுத்திருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் தேதியில் அமலுக்கு வந்த சட்டத்தால்தான் அங்கே பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. பிறகு உலகம் முழுக்கப் பரவிய பழக்கம் அது. நாம் இன்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கையில் வைத்துப் புரட்டும் தடிமனான அறிக்கைக்கு அந்தக் கறுப்புக் கடற்கரையும் ஒரு காரணம்.

மீகாமன் | ஞாயிறு, காலை 10:15

பல வருடம் கப்பல் எஞ்சின் அறையில் இருந்தவன் நான். எல்லாரும் பெரிய விபத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். விபத்தில்லாமல் தினமும் போவதைப் பற்றிச் சொல்கிறேன்.

எஞ்சின் அறையின் அடியில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து தேங்கும், அதற்கு பில்ஜ் தண்ணீர் என்று பெயர். கப்பல்கள் கடலை மாசாக்குவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி அதைப் பிரிப்பான் வழியாக ஓட்டி, எண்ணெய் 15 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) மேல் இல்லாமல்தான் கடலில் விடலாம். மிச்சத்தைத் துறைமுகத்தில் இறக்க வேண்டும், எல்லாவற்றையும் எண்ணெய்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். இது சட்டம். நடப்பது? பிரிப்பானின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாற்றினால் செலவு, துறைமுகத்தில் இறக்கினாலும் செலவு. நான் வேலை செய்த ஒரு கப்பலில் வடிகட்டி கேட்டு மூன்று தடவை எழுதினேன். வந்த பதில்: "போன மாதம்தானே கொடுத்தோம், சமாளிக்கவும்." சமாளிக்கவும் என்றால் என்ன அர்த்தம் என்று எஞ்சின் அறையில் எல்லாருக்கும் தெரியும். பிரிப்பானைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடலுக்கு ஒரு குழாய். அதற்கு 'மேஜிக் பைப்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பரிசோதனைக் கருவிக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட்டால் அது சமர்த்தாக 15-க்குக் கீழே காட்டும்.

2013-இல் கரீபியன் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பலில் புதிதாகச் சேர்ந்த ஒரு எஞ்சினியர் இந்தக் குழாயைப் பார்த்தார். படம் எடுத்தார். சௌத்தாம்ப்டனில் கப்பல் நின்றதும் வேலையை விட்டு இறங்கி அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். 2016-இல் அந்த நிறுவனம் 4 கோடி டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கொண்டது. பல வருடமாக நடந்ததைக் கப்பலுக்கு அன்றுதான் வந்த ஒருவர் சொன்னார். நான் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

நெய்தல் | ஞாயிறு, காலை 10:33

மீகாமன் அண்ணா, கரையில் இருக்கும் நாங்கள் இதில் என்ன செய்ய முடியும்?

மீகாமன் | ஞாயிறு, காலை 10:58

துறைமுகத்திடம் கேளுங்கம்மா. கழிவெண்ணெயை வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, போன வருடம் எத்தனை கப்பல் இறக்கியது? வந்த கப்பல்களின் எண்ணிக்கையையும் இறக்கிய எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும். பால்டிக் கடல் நாடுகளில் கழிவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இறக்கினாலும் இறக்காவிட்டாலும் துறைமுகக் கட்டணத்தோடு சேர்த்து எல்லாரிடமும் வாங்கிவிடுவார்கள். அப்படி இருந்தால் எவனும் ராத்திரியில் குழாயைத் திறந்து மிச்சம் பிடிக்கப் பார்க்க மாட்டான். நான் மனு எழுதினால் இதைத்தான் கேட்பேன்.

மணல்வீடு | ஞாயிறு, பகல் 12:10

அலையோரத்தில் வானவில் மாதிரி படலம் பார்த்தால் அது எண்ணெய்தான் என்று எப்படித் தெரியும்? ஒரு தடவை நான் புகார் கொடுத்து, வந்தவர்கள் "பாசி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மானம் போயிற்று.

சிப்பி | ஞாயிறு, பகல் 1:25

குச்சியால் ஒரு கோடு கிழியுங்கள். தேங்கிய நீரில் இரும்பைத் தின்னும் பாக்டீரியா போடும் படலம் கண்ணாடி உடைவதுபோல் சில்லுச் சில்லாகப் பிரிந்து அப்படியே நிற்கும். எண்ணெய் சுழன்று திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. வட கடல் நாடுகள் விமானத்திலிருந்து பார்த்து எழுதப் பயன்படுத்தும் அளவு இது: வெள்ளி மினுக்கம் என்றால் தடிமன் 0.04 முதல் 0.3 மைக்ரான், அதாவது ஒரு சதுர கிலோமீட்டரில் 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறம் என்றால் 300 முதல் 5,000 லிட்டர். உலோகப் பளபளப்பு அதற்கும் மேல். புகாரில் "நிறைய எண்ணெய்" என்று எழுதாமல் நிறம், நீளம், அகலம், நேரம், காற்றின் திசை எழுதுங்கள். படத்தில் அளவு தெரிய ஒரு படகோ கம்பமோ இருக்கட்டும்.

மாதிரி எடுப்பதானால் கண்ணாடிப் புட்டி. பிளாஸ்டிக் வேண்டாம், அதிலிருந்தே வேதிப்பொருள் கலந்துவிடும். மூடியின் உள்பக்கம் அலுமினியத் தாள். வெயில் படாமல், குளிரில் வையுங்கள். யார் எடுத்தது, யார் கைக்கு எப்போது போனது என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவரும் கையெழுத்திடுங்கள். இந்தக் கையெழுத்து, நெய்தல் போட்டதைவிட வலுவானது. எண்ணெய்க்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு. ஹோப்பேன் என்ற சேர்மங்களின் விகிதம் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். சந்தேகப்படும் கப்பலின் தொட்டியிலிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.

எதிர்க்காற்று | ஞாயிறு, பகல் 1:50

நான் எதிர்ப்பவன்தான், ஆனாலும் உங்கள் பக்கத்துக்கே வலு சேர்க்கும் ஒரு செய்தி எனக்குத் தெரியும். மறைத்தால் நியாயமில்லை. மெக்சிகோ வளைகுடாவில் 2004-இல் ஐவன் சூறாவளியில் டெய்லர் எனர்ஜி என்ற நிறுவனத்தின் மேடை சரிந்து, கிணறுகள் சேற்றுக்கு அடியில் போயின. கசிவு அற்ப அளவு என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய் மேடை வெடித்துக் கொட்டிய எண்ணெயைப் பார்க்க விமானத்தில் போன தன்னார்வலர்கள், அதோடு சம்பந்தமில்லாத இன்னொரு படலம் நீண்டு கிடப்பதைக் கண்டார்கள். ஸ்கைட்ரூத் என்ற சிறிய அமைப்பு செயற்கைக்கோள் படங்களை வைத்து விடாமல் அளந்தது. 2012-இல் வழக்கு. 2019-இல்தான் கசிவைப் பிடிக்கும் அமைப்பு பொருத்தினார்கள். பொருத்தியதும் நாளுக்கு ஆயிரம் கேலன் அளவில் எண்ணெய் சிக்கியது. பதினைந்து வருடம்!

எனவே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மனுவில் எனக்கு நம்பிக்கை இல்லை. அளப்பவர்களிடம் இருக்கிறது.

கோப்புக்கட்டு | ஞாயிறு, மாலை 4:40

நண்பரே, இதுவரை நீங்கள் எழுதியதிலேயே நல்ல பதிவு இது.

அளப்பதற்கு அடுத்த படியையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸான் வால்டீஸ் கதையில் எல்லாருக்கும் தெரிந்தது எண்ணெய். எனக்குப் பிடித்தது அதன் பின்னால் வந்த ஒரு நாற்காலி. விபத்துக்கு முந்தைய நாள் மாலை, கடல் நச்சியல் படித்துவிட்டு மீன்பிடித் தொழில் செய்துகொண்டிருந்த ரிக்கி ஓட், வால்டீஸ் நகரக் கூட்டம் ஒன்றில் பெரிய கசிவு வருமா என்பதல்ல, எப்போது என்பதுதான் கேள்வி என்று எச்சரித்தார். சில மணி நேரத்தில் கப்பல் பாறையில் ஏறியது. அவசரகாலத் திட்டத்தில் எழுதியிருந்த, எண்ணெய் அள்ளும் கருவிகளை ஏற்றிப்போக வேண்டிய தட்டைப் படகு அன்று பழுதுபார்ப்பில் இருந்தது, கருவிகள் அதில் இல்லை.

அதற்கப்புறம் அங்கே ஒரு குடிமக்கள் ஆலோசனைக் குழு வந்தது. 1990-ஆம் ஆண்டு எண்ணெய் மாசுச் சட்டத்திலேயே அதற்கு இடம் வைத்தார்கள். மீனவர்கள், ஊர்கள், பழங்குடியினர் எல்லாம் உறுப்பினர்கள். பணம் எண்ணெய்க் குழாய் நிறுவனத்திடமிருந்து வர வேண்டும், ஆனால் குழு அதன் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. டேங்கர்களுக்கு இழுவைப் படகுத் துணை, அவசரகாலத் திட்டத்தின் ஒத்திகைகளைக் கவனிப்பது, சொந்தமாக ஆய்வு நடத்துவது என்று முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறார்கள். கூட்டக் குறிப்புகளைப் படித்தால் தூக்கம் வரும். நான் படித்திருக்கிறேன், வந்தது. ஆனால் பறவைப் படத்தோடு வரும் மனு ஒரு வாரத்தில் காணாமல் போகும். அந்த நாற்காலி அப்படியே இருக்கிறது.

நெய்தலுக்கு நேரடியாக: மனு அனுப்பியவர்களிடம் அசல் அறிவிப்பைக் கேளுங்கள். கருத்துச் சொல்ல எத்தனை நாள் பாக்கி, யார் முகவரிக்கு, தாக்க மதிப்பீட்டு அறிக்கையை எங்கே பார்க்கலாம் என்பதைக் கேளுங்கள். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் பல இடங்களில் அதை ஒரே கருத்தாகத்தான் எண்ணுவார்கள். வெவ்வேறு குறையைச் சுட்டும் பத்துக் கடிதம் போதும், பத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியாக வேண்டும்.

உப்புமூட்டை | ஞாயிறு, மாலை 5:05

நாற்காலிக்குப் பணம் கொடுப்பவனே நிறுவனம் என்றால் வாய் அடைபடாதா?

கோப்புக்கட்டு | ஞாயிறு, மாலை 5:12

அடைபடும், எழுத்தில் பாதுகாப்பு இல்லாவிட்டால். அங்கே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டார்கள். எழுதி வாங்காத ஆலோசனைக் குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேநீர் நன்றாக இருக்கும்.

நெய்தல் | திங்கள், இரவு 8:30

எல்லாருக்கும் நன்றி. மனு அனுப்பியவர்களைப் பிடித்துவிட்டேன். நல்ல பிள்ளைகள்தான், அசல் அறிவிப்பை அவர்களே முழுதாகப் படித்திருக்கவில்லை. கருத்துச் சொல்ல இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை முந்நூற்றுச் சொச்சம் பக்கம். நேற்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தேன். பாதி புரியவில்லை. மீன் முட்டையிடும் மாதங்கள் என்று ஒரு அட்டவணை இருக்கிறது, ஆய்வு நடத்தும் மாதங்கள் என்று வேறொரு அட்டவணை எண்பது பக்கம் தள்ளி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு மாதம் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, ஒருவரே இரண்டையும் படித்திருக்க மாட்டார்கள் போல. அதை வைத்துக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

எதிர்க்காற்று | திங்கள், இரவு 8:44

வரைவை எனக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கத்து ஆள் எங்கே மடக்குவான் என்று பார்த்துச் சொல்கிறேன். கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்.

நெய்தல் | திங்கள், இரவு 9:20

அனுப்பிவிட்டேன். இன்னொன்று, சரியாகத்தான் பார்க்கிறேனா என்று நீங்களே சொல்லுங்கள். பொருளடக்கத்தில் "இணைப்பு 7: எண்ணெய்க் கசிவு அவசரகாலத் திட்டம்" என்று இருக்கிறது. கோப்பில் இணைப்பு 6 முடிந்ததும் இணைப்பு 8 தொடங்குகிறது.

எதிர்க்காற்று | திங்கள், இரவு 9:26

பார்த்தேன். மீன் அட்டவணை இரண்டாவது பத்திக்குப் போகட்டும். இதை முதல் வரியாக எழுதுங்கள்.